சுக்கா பந்தலுக்கு மண்ணில் விளைந்த அலங்காரம்

நியூஜெர்சியிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். மகளுடைய பள்ளித்தோழி யூதக் குடும்பத்துப் பெண். சுக்கோத் பண்டிகைக்கு அவர்கள் வீட்டுக் கொல்லையில் பந்தல் போடப்போகிறார்கள், அலங்கரிக்க நீங்களும் வாருங்கள் என்று குடும்பத்தோடு அழைத்திருக்கிறார்கள். கடையில் விற்கிற பிளாஸ்டிக் திராட்சைக் கொத்தையும் ஜிகினாச் சரத்தையும் வாங்கிப்போக அவருக்கு மனம் வரவில்லை. மண்ணுக்குக் கேடில்லாமல், பிள்ளையையும் கூட வைத்துக்கொண்டு வீட்டிலேயே என்ன செய்யலாம், எதைச் செய்தால் அவர்கள் வழக்கத்துக்கு முரணாகிவிடும் என்பதுதான் கேள்வி.

நான் இஸ்ரேலில் ரெஹோவோத் நகரத்தில் ஆறு வருடம் குடியிருந்தேன். கீழ்வீட்டுக் குடும்பம் பந்தல் போடும்போதெல்லாம் நானும் போய் நிற்பேன், முதல் வருடம் வேடிக்கை பார்க்க, அப்புறம் வேலை செய்ய. அதை வைத்துச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

முதலில் அந்தப் பந்தலைப் புரிந்துகொள்ளுங்கள். தமிழ் வேதாகமத்தில் கூடாரப் பண்டிகை என்று வருகிறதே, அதுதான் சுக்கோத். எகிப்தை விட்டு வெளியேறி வனாந்தரத்தில் அலைந்த காலத்தை நினைத்து ஏழு நாள் குடிலில் குடியிருக்கச் சொல்கிறது லேவியராகமம் 23-ம் அதிகாரம். அந்தக் குடில்தான் சுக்கா. அறுவடைப் பண்டிகையும் இதுவே. யூத நாட்காட்டியில் திஷ்ரி மாதம் 15-ம் நாள், பௌர்ணமியில் ஆரம்பிக்கும், யோம் கிப்பூர் நோன்பிலிருந்து ஐந்தாம் நாள். சுவர் எதனாலும் இருக்கலாம், பலகை, கான்வாஸ், வீட்டுச் சுவரே கூட. காற்றில் படபடக்காமல் நின்றால் சரி. கட்டுப்பாடெல்லாம் கூரைக்குத்தான். ஸ்காக் என்று சொல்கிற அந்தக் கூரை மண்ணில் முளைத்த பொருளாக இருக்க வேண்டும், அதுவும் வெட்டி எடுத்ததாக இருக்க வேண்டும், வேரோடு நிற்கிற கொடியைப் படரவிட்டால் ஆகாது. உணவுப்பொருள் ஆகாது, பாத்திரம் பண்டம் ஆகாது. வெயிலைவிட நிழல் அதிகம் விழ வேண்டும், ஆனால் இடுக்கு வழியே நட்சத்திரம் தெரிந்தால் விசேஷம். யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் பாயைப் பற்றிக்கூட ஒரு விதி உண்டு. படுக்க முடைந்த பாய் கூரைக்கு ஆகாது, நிழலுக்கென்றே முடைந்தது ஆகும். கீற்றுக் கொட்டகையில் கல்யாணம் பார்த்து வளர்ந்த நமக்கு இது சட்டென்று பிடிபடும்.

இவ்வளவு ஏன் சொல்கிறேன் என்றால், கூரையில் பிளாஸ்டிக் கூடவே கூடாது என்று வைத்திருக்கிற பண்டிகை இது. அதே கூரைக்குக் கீழே பிளாஸ்டிக் மாதுளையைத் தொங்கவிட்டால் எனக்குக் கண்ணை உறுத்துகிறது. சட்டப்படி தடையில்லை, நிறையப் பேர் செய்கிறார்கள், அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் பழைய வழக்கம் அது இல்லை. சுக்காவில் என்னென்ன தொங்கவிடுவார்கள் என்று மிஷ்னாவும் அதன் விளக்கமும் சேர்ந்த தல்மூதில் ஒரு வரிசையே இருக்கிறது: வண்ணத் துணிகள், வாதுமை முதலான கொட்டைகள், பீச் பழம், மாதுளை, திராட்சைக் குலை, தானியக் கதிரில் கட்டின வளையம், திராட்சரசம், எண்ணெய், மாவு. எல்லாம் அந்த வருடத்து விளைச்சல், எல்லாம் பண்டிகை முடிந்ததும் சமையலறைக்கோ மண்ணுக்கோ திரும்பிப் போகிறவை. முற்றுகை போட்ட ஊரின் கனிமரத்தைக்கூட வெட்டாதே என்று உபாகமம் 20-ம் அதிகாரத்தில் வருகிறது. அதிலிருந்து வளர்ந்ததுதான் எதையும் வீணாக்கக்கூடாது என்கிற யூத நெறி, பால் தஷ்ஹித் என்பார்கள். நீங்கள் பிளாஸ்டிக் வேண்டாம் என்று யோசிப்பது அவர்கள் வீட்டில் புதுச் சங்கதியாக இருக்காது.

சமாரியர்களையும் சொல்லியாக வேண்டும். இயேசு சொன்ன நல்ல சமாரியன் கதையில் வருகிறவர்களின் வம்சம், ஆயிரம் பேருக்கும் குறைவாக இன்றைக்கும் நாப்லூஸ் பக்கத்தில் கெரிசிம் மலையிலும் டெல் அவிவ் அருகே ஹோலோனிலும் இருக்கிறார்கள். யூதர்களிலிருந்து வேறான தனிச் சமூகம், பண்டிகை இதேதான். அவர்கள் சுக்காவை வீட்டுக்குள்ளேயே கட்டுவார்கள், கூரை முழுக்கப் பழம். மாதுளை, எலுமிச்சை, ஆப்பிள், மிளகாய் என்று நூற்றுக்கணக்கான கிலோ பழத்தைக் கம்பிச் சட்டத்தில் கோலம் மாதிரி வரிசை பிடித்துக் கட்டிவிடுவார்கள், அண்ணாந்து பார்த்தால் விரிப்பைத் தலைகீழாகப் போட்ட மாதிரி இருக்கும். அந்த அளவுக்கு நமக்கு வேண்டாம், ஆனால் பழத்தாலேயே ஒரு கூரையை நிறைக்க முடியும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியதற்கு வருகிறேன். 2026-ல் சுக்கோத் செப்டம்பர் 25, வெள்ளிக்கிழமை சூரியன் மறையும்போது தொடங்குகிறது. சனி ஓய்வுநாளும் கூட. வழக்கத்தைக் கடைப்பிடிக்கிற வீடாக இருந்தால் அதற்கப்புறம் வெட்டுவது, ஒட்டுவது, முடிச்சுப் போடுவது எதுவும் கிடையாது. அமெரிக்காவில் முதல் இரண்டு நாளும் அப்படித்தான். ஆகவே வியாழக்கிழமைக்குள் தொங்கவிட்டு முடியுங்கள். அந்த இரண்டு நாளில் ஏதாவது அறுந்து விழுந்தால் நீங்களாக எடுத்து மறுபடி கட்டப் போகாதீர்கள், வீட்டுக்காரரிடம் விட்டுவிடுங்கள். ஏழு நாளுக்கு அப்புறம் வருகிற இரண்டு விடுமுறை நாளும் சேர்த்து அங்கே அக்டோபர் 4 ராத்திரி வரை போகும். அதனால் நீங்கள் செய்கிற எதுவும் ஒன்பது நாள் காற்று, பனி, ஒரு மழை தாங்க வேண்டும். இந்தக் கணக்கை வைத்துத்தான் நான் பொருளைத் தேர்ந்தெடுப்பேன்.

என் முதல் சிபாரிசு ஆரஞ்சு வில்லை. கால் அங்குலத் தடிமனில் குறுக்காக வெட்டுங்கள், மெலிதாக வெட்டினால் கருகும், தடித்தால் நடுவில் ஈரம் நின்று பூஞ்சை பிடிக்கும். ஒரு பழத்தில் ஏழெட்டு வில்லை வரும். வெட்டியதும் ஒரு பழைய துண்டின் மேல் பரப்பி மேலேயும் ஒரு துண்டைப் போட்டு மெதுவாக அழுத்துங்கள், சாறு எவ்வளவு துண்டுக்குப் போகிறதோ அவ்வளவு சீக்கிரம் காயும். அப்புறம் ஓவன் கம்பித்தட்டின் மேல் வைத்து, 200 டிகிரி ஃபாரன்ஹீட்டில் மூன்றிலிருந்து நான்கு மணி நேரம், மணிக்கு ஒரு முறை திருப்பிப் போட்டு. வெளியே எடுக்கும்போது நடுச்சதை லேசாக ஒட்டுகிற பதத்தில் இருக்கலாம், தோல் விறைத்திருக்க வேண்டும், ஒரு ராத்திரி காற்றாட வைத்தால் மீதியும் காய்ந்துவிடும். தோலுக்கு உள்பக்கமாக ஊசியால் துளைத்துப் பருத்தி நூலில் கோர்த்துக் கட்டினீர்களானால், சாயங்கால வெயில் பந்தலுக்குள் சாய்ந்து வரும்போது ஒவ்வொரு வில்லையும் கண்ணாடி ஜன்னல் மாதிரி எரியும், சுளைகளுக்கு நடுவே உள்ள வெள்ளைக் கோடுகள் ஒரு சக்கரத்தின் ஆரக்கால்களாகத் தெரியும். எலுமிச்சையும் இப்படியே செய்யலாம். ஆப்பிளை நான் சொல்லமாட்டேன். ரெஹோவோத்தில் முதல் வருடம் சரியாகக் காயாத ஆப்பிள் வில்லையைக் கட்டிவிட்டேன், மறுநாள் காலையில் கயிறு வழியாக எறும்பு இறங்கி மேசை வரை வந்திருந்தது, அந்த வீட்டுப் பாட்டி ஒரு வார்த்தை சொல்லாமல் மேசை விரிப்பை உதறிப் போட்டார்கள், எனக்குத்தான் சங்கடமாகப் போய்விட்டது. நியூஜெர்சியில் எறும்பைவிட மஞ்சள் குளவி மோசம், செப்டம்பர் கடைசியில் இனிப்பு வாசனைக்குக் கூட்டமாக வரும். அதனால் வெட்டின பழம், சாறு கசிகிற பழம் எதையும் பச்சையாகத் தொங்கவிடக்கூடாது. முழு மாதுளை, முழு எலுமிச்சை, சின்னச் சுரைக்காய் வகைகள் என்றால் பயமில்லை, தோல் கெட்டி. மக்காச்சோளப் பொரியைக் கோர்த்துச் சரம் விடுவதும் அங்கே வழக்கம், ஆனால் அணில் ஒரே நாளில் தீர்த்துவிடும்.

அடுத்தது மக்காச்சோளத் தோகை. இது என் மனதுக்கு ரொம்பப் பிடித்தது, ஏனென்றால் இங்கேதான் நம் கைக்குத் தெரிந்த வேலை பயன்படுகிறது. இந்தப் பண்டிகையில் கையில் பிடிக்கிற நான்கு தாவரங்களில் லூலாவ் என்று ஒன்று உண்டு, பேரீச்ச மரத்தின் விரியாத குருத்தோலை. அதையும் மிர்ட்டில் என்கிற வாசனைச் செடி, ஆற்றலரி (வில்லோ) கிளைகளையும் சேர்த்துப் பிடிக்கப் பேரீச்ச ஓலையிலேயே ஒரு சின்ன உறையும் வளையங்களும் முடைவார்கள். எங்கள் தெருவில் பத்து வயசுப் பையன்கள் திண்ணையில் உட்கார்ந்து முடைவதைப் பார்த்தபோது எனக்கு ஊரில் பனங்குருத்தில் கிலுகிலுப்பை முடைந்தது ஞாபகம் வந்தது, மடிப்பு ஒன்றேதான், மேலே ஒன்று கீழே ஒன்று. நியூஜெர்சியில் ஓலைக்கு எங்கே போவீர்கள்? ஆனால் செப்டம்பரில் சோளக்கதிர் மலிந்து கிடக்கும். பத்துக் கதிரை உரித்தால் போதும். உள்பக்கத்து மெல்லிய தோகையை மட்டும் எடுத்து, நிழலில் பழைய செய்தித்தாளின் மேல் நாலைந்து நாள் பரப்பி வையுங்கள், பச்சை போய் வெளிர் மஞ்சளாகும். முடைகிற அன்றைக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவிட்டால் துணி மாதிரி வளையும். விரல் அகலத்தில் கிழித்து மூன்று இழையாகப் பின்னி வளையம் கட்டலாம், குருத்தோலைத் தோரணத்தில் மடிப்போமே, அந்தக் கிளி, அந்தப் பூ எல்லாம் இதில் வரும். காய்ந்ததும் போட்ட மடிப்பு அப்படியே நிற்கும். அம்மாவோ மாமியாரோ கூட இருந்தால் அவர்களைக் கூப்பிட்டு உட்காரவையுங்கள், உங்கள் மகளுக்கும் அவள் தோழிக்கும் ஒரே தடவையில் வந்துவிடும். கோதுமைக் கதிரோ பார்லிக் கதிரோ கிடைத்தால் நாலைந்தை அந்த வளையத்தில் செருகுங்கள். கோதுமை, பார்லி, திராட்சை, அத்தி, மாதுளை, ஒலிவம், பேரீச்சை என்று உபாகமம் 8-ல் அந்த மண்ணின் ஏழு விளைச்சல்கள் சொல்லப்பட்டிருக்கின்றன, சுக்கா அலங்காரத்தில் இந்த ஏழும் திரும்பத் திரும்ப வரும். பிள்ளைகளுக்கு வரைய விஷயம் வேண்டுமென்றால் இதைக் கொடுங்கள்.

காகிதச் சங்கிலி இல்லாமல் சுக்கா கிடையாது. இஸ்ரேலில் பாலர் பள்ளியிலேயே ஒட்ட ஆரம்பித்துவிடுவார்கள். வண்ணத்தாள் வாங்க வேண்டாம், பள்ளிக்கூடத்திலிருந்து வந்த சுற்றறிக்கை, பழைய காலண்டர், மளிகைக்கடைப் பழுப்புப் பை போதும். மூன்று சென்டிமீட்டர் அகலப் பட்டையாக வெட்டினால் சாதாரணத் தாளில் ஒன்பது பட்டை வரும், நாலு தாளில் ஏறக்குறைய இரண்டு மீட்டர் சங்கிலி. ஸ்டேப்ளர் போடாதீர்கள், அப்புறம் உரத்தொட்டியில் கம்பிதான் மிஞ்சும். நம் ஊரில் சுவரொட்டி ஒட்டுகிற மைதாப் பசையே போதும்: இரண்டு மேசைக்கரண்டி மைதாவை அரை கப் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கண்ணாடி மாதிரி ஆகும் வரை கிளறுங்கள். மயில்துத்தம் போடுகிற வழக்கத்தைப் பிள்ளைகள் கை வைக்கிற இடத்தில் விட்டுவிடுங்கள், அது விஷம். ஒன்றை மறக்காதீர்கள், இந்தப் பசை சுக்கோத்துக்குச் சரி, வசந்தத்தில் வருகிற பஸ்கா பண்டிகைக்கு ஆகாது. அப்போது வீட்டில் புளித்த மாவுப் பொருள் எதுவும் இருக்கக்கூடாது, எழுத்தர்கள் தாள் ஒட்டுகிற பசையைக்கூட அந்தப் பட்டியலில் மிஷ்னா சேர்த்திருக்கிறது. மினுக்குத் தூளும் வேண்டவே வேண்டாம். அது பொடிப் பிளாஸ்டிக், புல்தரையில் விழுந்தால் பொறுக்கி எடுக்க வழியில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபரிலேயே உதிரிப் பிளாஸ்டிக் மினுக்குத்தூள் விற்பனைக்குத் தடை போட்டுவிட்டது.

மழைக்கு என்ன செய்வது என்றால் தேன்மெழுகு. செப்டம்பர் கடைசியில் உங்கள் தெருவில் மேப்பிள் இலை சிவக்க ஆரம்பித்திருக்கும். நல்ல இலையாகப் பொறுக்கி, தடித்த புத்தகத்துக்குள் ஒரு நாள் வைத்துத் தட்டையாக்குங்கள். ஒரு பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்க, அதன்மேல் சின்னக் கிண்ணத்தில் மெழுகை உருக்குங்கள், நேரடித் தீயில் வைத்தால் பற்றிக்கொள்ளும், இதைப் பெரியவர்கள்தான் செய்ய வேண்டும். காம்பைப் பிடித்து இலையை முக்கி இரண்டு எண்ணுவதற்குள் எடுத்து உதறித் தொங்கவிடுங்கள். மேலே மெல்லிசாக ஒரு படலம் பிடித்துச் சிவப்பு அப்படியே நிற்கும், தேன் வாசனையும் இருக்கும். பிள்ளைகள் வரைந்த தாளையும் இப்படி முக்கலாம், மழைத்துளி உருண்டு ஓடிவிடும். பாரஃபின் மெழுகு பெட்ரோலியத்திலிருந்து வருவது, அதை வாங்க வேண்டாம். அவர்கள் வீட்டில் போன ஹனுக்கா விளக்குப் பண்டிகையில் எரித்து மிஞ்சின தேன்மெழுகு மெழுகுவர்த்தித் துண்டு கிடக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், பல வீட்டில் ஒரு டப்பாவில் இருக்கும். காய்ந்த தோகையும் மெழுகு இலையும் எளிதில் தீப்பிடிக்கும், பண்டிகை விளக்கைச் சுக்காவுக்குள் ஏற்றி வைப்பார்கள், அதற்கு நேர் மேலே எதுவும் கட்டாதீர்கள்.

துணி வேண்டுமென்றால் பழைய பருத்தி வேட்டி. ஏழெட்டு வெங்காயத்தின் சருகைத் தண்ணீரில் அரை மணி கொதிக்கவைத்து வடிகட்டி, ஒரு கரண்டி படிகாரம் போட்டு, நனைத்த துணியை அதில் ராத்திரி முழுக்க விட்டால் செம்பழுப்பு வரும். மாதுளைத் தோலிலும் நல்ல மஞ்சள் கிடைக்கும். மஞ்சள் தூளும் பீட்ரூட்டும் முதல் நாள் கண்ணைப் பறிக்கும், ஒன்பது நாள் வெயிலில் வெளுத்துவிடும்.

அவர்கள் வழக்கத்துக்கு இடறாகாமல் இருக்கச் சில விஷயம். தொங்குகிறவை கூரையிலிருந்து நான்கு கைப்பிடி அகலத்துக்குள், சுமாராக ஒரு அடிக்குள் முடிவது உத்தமம், ரொம்பக் கீழே இறங்கின பெரிய பொருளின் அடியில் உட்கார்ந்தால் ஸ்காக்கின் கீழ் உட்கார்ந்ததாக ஆகுமா என்ற கேள்வி வரும். நம்முடைய சரங்களைக் கூரை மட்டையில் கட்டாமல் குறுக்குச் சட்டத்தில் கட்டுங்கள், பருத்தி அல்லது சணல் கயிற்றால். கடவுளின் பெயர் வருகிற வசனத்தை எழுதித் தொங்கவிடாதீர்கள், எழுதிவிட்டால் அந்தத் தாளைக் குப்பையில் போட முடியாது, தனியாகச் சேர்த்துப் புதைப்பார்கள். ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு, மோசே, ஆரோன், யோசேப்பு, தாவீது என்று ஏழு பேரை ஒவ்வொரு ராத்திரியும் விருந்தாளியாகச் சுக்காவுக்கு வரவேற்பார்கள், உஷ்பிஸின் என்று பெயர். அந்த ஏழு பெயரைப் பிள்ளைகள் அழகாக எழுதி அலங்கரித்தால் வீட்டுக்காரர்கள் சந்தோஷப்படுவார்கள். நம் வீட்டு வாசலில் தொங்குகிற பிளாஸ்டிக் மாவிலைத் தோரணத்தையோ சாமி படம் போட்ட எதையோ கொண்டுபோக வேண்டாம். கைவேலையைக் கொண்டுபோங்கள், அது போதும்.

கடைசியாக, தொங்கவிட்ட பழத்தைப் பண்டிகை நடுவில் பறித்துத் தின்னக்கூடாது, சுக்காவின் அலங்காரம் சுக்காவுக்கே ஒதுக்கப்பட்டது என்பது தல்மூத் விதி. பண்டிகை தொடங்கும் முன்பே நிபந்தனை சொல்லி வைத்தால் சொன்னபடி எடுத்துக்கொள்ளலாம் என்று அதிலேயே இருக்கிறது, அதை அவர்கள் முறைப்படி பார்த்துக்கொள்வார்கள். ஒன்பது நாளில் கெட்டுப்போகிற பழத்தைத் தொங்கவிடாமல் இருப்பதே நம் பங்கு.

அக்டோபர் 5, திங்கட்கிழமை சாயங்காலம் பந்தலைப் பிரிக்கும்போதும் போய் நில்லுங்கள், இரண்டு பெட்டி எடுத்துப்போங்கள். கூரைத் தழையை அவர்கள் கண்ட இடத்தில் வீசமாட்டார்கள், மரியாதையாக ஒரு பக்கம் சேர்ப்பார்கள், அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள். காகிதமும் தோகையும் நைந்ததெல்லாம் ஒரு பெட்டியில், உரத்துக்கு. ஆரஞ்சு வில்லை, நல்ல வளையம், மாதுளை இன்னொரு பெட்டியில். முழு மாதுளையைக் காற்றோட்டமாக வைத்தால் மாதக்கணக்கில் காய்ந்து தோல் செப்பு நிறமாகி, ஆட்டினால் உள்ளே விதை கலகலக்கும், அடுத்த வருடத்துக்குத் தயார். கையில் பிடிக்கிற நான்கில் ஒன்றான எத்ரோக் என்கிற நாரத்தை இனத்துப் பழத்தை அவர்கள் ஜாம் காய்ச்சாமல் வைத்திருந்தால், அதன்மேல் கிராம்பை நெருக்கமாகக் குத்திக் காயவிடும் பழக்கம் உண்டு, ஓய்வுநாள் முடிகிற சனி இரவில் வாசனை முகர அதையே எடுப்பார்கள். அதற்கு ஒரு கை கிராம்பு உங்கள் வீட்டு அஞ்சறைப் பெட்டியிலிருந்து கொண்டுபோங்கள், குத்துகிற வேலையை இரண்டு பெண்களிடமும் கொடுத்துவிடுங்கள்.